கும்பினியும் கம்பெனியும்

ஊர் மாறினால் சில மனிதர்களுக்குத் தொழிலும் மாறிவிடும். சொந்த ஊரில் சமையற்காரராக இருந்தவர் அடுத்த ஊரில் கணக்குப்பிள்ளையாக இருப்பார். அதற்கும் அடுத்த ஊரில் பெரிய தனவந்தராக விளங்குவார். பூர்வோத்தரம் தெரிந்தவர்கள் யாராவது வந்து சேரும்வரையில் எல்லாம் சரியாகவே நடக்கும். சொற்களிலும் இப்படிப்பட்ட பேர்வழிகள் உண்டு. 'கம்பெனி' என்ற ஆங்கிலச் சொல் அவர்களில் முதல் தரமானது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைத் தெரியாதவர் இல்லை. "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்றால், "ஒரு கம்பெனியில் இருக்கிறார்" என்கிறோம். தனியாகக் காபி சாப்பிடப் பிடிக்காதவர், "கம்பெனிக்கு நீயும் வாயேன்" என்று நண்பரை இழுக்கிறார். பட்டாளத்தில் நூறு பேருக்குக் கொஞ்சம் மேற்பட்ட சிப்பாய்களின் பிரிவுக்குக் கம்பெனி என்று பெயர். ராஜபார்ட்டுக்காரர்கள் ஊர் ஊராகப் போய் நாடகம் ஆடியதும் கம்பெனியில்தான். கடைக்காரர் ஒரு சாமானை உயர்த்திச் சொல்ல வேண்டுமானால், "இது கம்பெனி சரக்கு" என்கிறார். நம்முடைய பாட்டன் பாட்டிகளின் வாயில் இதே சொல் 'கும்பினி' என்று புகுந்து, ஒரு ராஜாங்கத்துக்கே பெயராக இருந்தது. இங்கிலீஷ்காரர்களுக்கோ இன்னும் சில பொருள்கள் உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளியும் கம்பெனி. கப்பலில் உள்ள மாலுமிகள் அத்தனை பேரும் கம்பெனி.

இத்தனை வேஷம் போடும் ஆசாமியின் பூர்வோத்தரம் என்ன? லத்தீன் மொழியில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. 'காம்' என்றால் கூட, உடன். ரொட்டியைப் பிட்டு உடன் உண்பவன் 'கம்பானியன்'. அப்படி உண்பவர்களின் கூட்டம் 'கம்பெனி'. ஆக, மூலப் பொருளைத் தமிழில் சொல்வதென்றால் 'ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்' என்று சொல்லிவிடலாம். வியாபாரமும் இல்லை, பீரங்கியும் இல்லை. சோறுதான் ஆரம்பம்.

நமக்கு இது விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. நம்மிடமும் 'பங்காளி' என்ற சொல் இருக்கிறது. பங்கை உடையவன் பங்காளி. அந்தச் சொல் உறவையும் குறிக்கிறது. கோர்ட்டில் ஏறும் வழக்கையும் நினைப்பூட்டுகிறது. பங்கு என்று ஒன்று வந்துவிட்டால், 'யாருக்கு எவ்வளவு?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறதல்லவா? கம்பெனி என்ற சொல்லின் சரித்திரம் முழுவதும் இந்தக் கேள்வியின் சரித்திரந்தான்.

அந்தச் சரித்திரத்தைச் சொல்வதற்குக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சொல் தன்னுடைய பல வேஷங்களையும் அந்த ஊரில் வந்து ஆடிக் காட்டியிருக்கிறது.

முதலில், இந்தச் சொல் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை காஞ்சிபுரத்து ஊரகம் கோயிலைப் பற்றியவை; இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்று நாம் சேவிக்கிற கோயிலேதான். அரச குடும்பத்துக்கு ஆடை நெய்த நெசவாளர்கள் குடியிருந்த நான்கு பகுதிகளை அந்தச் செப்பேடுகள் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. மூன்றின் பெயர் 'பாடி' என்று முடிகிறது; ஒன்றின் பெயர் 'சேரி' என்று முடிகிறது. கோயிலின் பொருளைக் கவனித்துக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு அந்த நெசவாளர்களிடமே விடப்பட்டிருந்தது.

இதை இரண்டு முறை படிக்கலாம். தறியில் உட்கார்ந்தவர்களே கணக்கிலும் உட்கார்ந்தார்கள். தெருவாரியாகச் சேர்ந்து வாழ்ந்து, தெருவாரியாகப் பொறுப்பு ஏற்றார்கள். சேர்ந்து இருக்கும் இடம் என்பதால்தான் 'சேரி' என்று பெயர். பின்னால் அந்தச் சொல்லை நாம் எப்படிக் கீழே தள்ளினோம் என்பது வேறு கதை. நமக்குப் பெருமை தரும் கதையும் அன்று. இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான்: கூடித் தொழில் செய்வதைக் காஞ்சிபுரத்துக்கு இங்கிலீஷ்காரன் வந்து கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இங்கிலீஷ்காரனின் பந்திக்கு இலை போட்ட நாள் 1600ஆம் வருஷம் டிசம்பர் 31. அன்று எலிஸபெத் ராணி, லண்டன் வர்த்தகர்கள் இருநூறு பேருக்கு மேற்பட்டவர்களுக்குக் கீழ்த்திசையில் வியாபாரம் செய்யச் சாஸனம் கொடுத்தாள். அவரவர் போட்ட முதலுக்குத் தக்கபடி அவரவருக்குப் பங்கு. 1639இல் அந்தக் கம்பெனி சென்னைக் கடற்கரையில் ஒரு மணல் திட்டில் இடம் பிடித்தது. இந்தப் பக்கத்துத் துணி மலிவாகவும் நயமாகவும் கிடைத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதாவது, கம்பெனியின் பந்திக்கு வேண்டிய பதார்த்தத்தைத் தயார் செய்தவர்கள் நம்முடைய நெசவாளர்கள். அவர்களுக்குத் தரகர் மூலமாக முன்பணம் கிடைத்தது, இலை கிடைக்கவில்லை.

1751ஆம் வருஷக் கடைசியில் ராபர்ட் கிளைவ் காஞ்சிபுரத்துக்கு வந்தான். ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய கையோடு வந்தவன், பிரெஞ்சுக்காரர்களின் ஆட்கள் கோட்டையாக்கி உட்கார்ந்திருந்த கோயிலிலிருந்து அவர்களை வெளியேற்றினான். பிரெஞ்சுக்காரர்களும் ஒரு கம்பெனிதான். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வருகிற கும்பினி அந்தக் கும்பினி. இரண்டு கம்பெனிகள் காஞ்சியில் ஒரு கோயில் மதிலுக்காகச் சண்டை போட்டன. கோயிலுக்கு உடைமைக்காரர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மதலி காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அது முதல் அந்தச் சீமைக்குப் பெயரே 'கும்பினி ஜாகீர்'. லண்டனில் பங்குப் பத்திரம் வைத்திருந்த ஒருவர், காஞ்சிபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல், அந்த ஊரில் ஒரு துளி பங்குக்கு உரியவரானார்.

1780ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஹைதர் அலி பெரும் படையோடு கர்நாடகச் சீமையில் இறங்கியிருந்தார். ஸர் ஹெக்டர் மன்றோ கம்பெனியின் பெரிய படையுடன் காஞ்சிபுரத்தில் கூடாரமடித்திருந்தார். வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி சிறு படை ஒன்றுடன் அவரோடு சேர வந்துகொண்டிருந்தார். பெய்லி எதிரியிடம் சிக்கித் திணறுவது தெரிந்ததும், மன்றோ தம் படையிலிருந்து பொறுக்கி எடுத்த சில 'கம்பெனி'களைக் கர்னல் பிளெட்சரின் கீழ் அனுப்பினார். கவனியுங்கள்: வியாபாரக் கம்பெனிக்காகப் பட்டாளக் கம்பெனிகள் புறப்பட்டன. ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் ஒன்றாக நடந்து போயின.

அவை போய்ச் சேர்ந்த இடம் புள்ளலூர். காஞ்சியிலிருந்து சுமார் ஒன்பது மைல். பல்லவர் சரித்திரம் படித்தவர்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. மகேந்திரவர்மன் அங்கே பகைவர்களை முறியடித்தான் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. ஆனால் 1780 செப்டம்பர் 10ஆம் தேதி அந்த வயல்வெளியில் முறிந்தது கும்பினிப் படை. பெய்லியிடம் பிளெட்சரின் ஆட்களையும் சேர்த்து நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பேர் இருந்தார்கள். ஹைதரும் திப்புவும் இரு பக்கமும் நெருக்கினார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. பிளெட்சர் மாண்டார். பெய்லி கைதியாகி, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782இல் உயிர் விட்டார். அவருடைய தோல்வியை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் சித்திரமாக இன்றும் பார்க்கலாம். பல்லக்கில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

ஒன்பது மைல் தூரத்தில் இருந்த மன்றோ ஏன் தம் முழுப் படையுடன் முன்கூட்டியே போகவில்லை? கனமான பீரங்கிகளும், படைக்கு வேண்டிய அரிசியும் காஞ்சிபுரத்தில் இருந்தன. அரிசியை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் போகப் புறப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. சேதி தெரிந்ததும் திரும்பி வந்து, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். 'உடன் உண்பவன்' என்ற சொல்லின் பெயரால் நடந்த யுத்தத்தில், ஒருவர் அரிசிக்குக் காவல் இருக்க, மற்றவர் அழிந்துபோனார்.

புள்ளலூருக்கு நான் போயிருக்கிறேன். மறு வருஷம் அங்கே நடந்த இரண்டாவது சண்டையில் இறந்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு எழுப்பிய ஸ்தூபிகள் வயல் நடுவே நிற்கின்றன. அவர்களுடன் விழுந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்; அவர்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை. பந்தியில் மட்டுமல்ல, நினைவுக் கல்லிலும் பங்கு வேறுபடத்தான் செய்தது.

இந்த இடத்தில் மறு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. யுத்தத்தால் பாழான ஜாகீருக்கு 1794இல் லயனெல் பிளேஸ் என்பவர் கலெக்டராக வந்தார். நான்கு வருஷம் இருந்தார். ஏரிகளைப் பழுது பார்த்தார். காஞ்சிபுரத்துக் கோயில் நிர்வாகத்தில் கை வைத்து, உற்சவங்களைத் தாமே முன்நின்று நடத்தி வைத்தார். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்த கதையில் வருகிற துரை அவர்தான். அந்தக் கோயிலில், அந்தத் தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையுடையது என்று கல்லில் வெட்டியிருக்கிறது. கோயில் கல்லிலே கும்பினி என்ற சொல் ஏறிவிட்டது! காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கும் 'கிளைவ் மகரகண்டி' என்று ஓர் ஆபரணம் உண்டு. கிளைவ் காணிக்கையாகச் சமர்ப்பித்தது என்பது வழிவழியாக வரும் செய்தி.

பெருமாளும் கும்பினியும் இப்படி அருகருகே வரும்போது வேடிக்கையான ஓர் ஒற்றுமை தென்படுகிறது. சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனி ஓர் 'ஆள்'. அதற்கு உடம்பு இல்லை; ஆனால் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்காடலாம். கோயில் மூர்த்தியும் சட்டப்படி ஓர் ஆள் என்று 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. அவருக்கும் சொத்து உண்டு, வழக்கு உண்டு. நம் ஜனங்கள் இதைச் சட்டம் படிக்காமலே தெரிந்துகொண்டு, 'கும்பினியார்' என்று மரியாதைப் பன்மையில் அழைத்தார்கள் போலும்!

ஆனால் ஒரு வித்தியாசம். பெருமாளின் சொத்தில் விளைந்தது தளிகையாகி, அவர் முன்னால் ஒரு கணம் இருந்துவிட்டு, பிரசாதமாகத் திரும்பி வருகிறது. அதைப் பங்கிடுவதில் சண்டைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. காஞ்சிபுரத்துக்காரர்கள் மறுத்தால் யாரும் நம்பவும் மாட்டார்கள். இருந்தாலும் பிரசாதம் ஊருக்குள்ளேதான் சுற்றுகிறது. கும்பினியாரின் தளிகை கப்பல் ஏறிப் போயிற்று.

அது எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1813இல் கும்பினியின் இந்திய வியாபார ஏகபோகம் ரத்தாயிற்று. 1833இல் வியாபாரமே அடியோடு நிறுத்தப்பட்டது. வியாபாரம் செய்யாத வியாபாரக் கம்பெனி அதன் பிறகு இருபத்தைந்து வருஷம் நம்மை ஆண்டது! அந்த 1833ஆம் வருஷத்துச் சட்டம், பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்தரை வீதம் லாபம் கொடுத்துவர வேண்டும் என்று உறுதி செய்தது. லாபம் எங்கிருந்து? வியாபாரந்தான் இல்லையே! இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து. 1858இல் கும்பினியின் ராஜ்யமும் போயிற்று. விக்டோரியா ராணியின் ஆட்சி வந்தது. அப்போதும் பத்தரை வீதம் நிற்கவில்லை. 1874இல் பங்குகளுக்குக் கிரயம் கொடுத்துத் தீர்த்த பிறகே கும்பினி கலைந்தது. வியாபாரம் முடிந்து, ராஜ்யம் முடிந்து, பந்தி மட்டும் கடைசிவரை நடந்தது. உழைத்து, உடன் உண்பவர்கள் என்று தொடங்கிய சொல், உழையாமலும் உடன் இல்லாமலும் உண்பவர்கள் என்று முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? சொற்கள் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. நம்மவர்கள் அதை எடுத்துத் தட்டிக் கொட்டிப் பழைய பொருளுக்கே திருப்பப் பார்த்தார்கள்.

1904ஆம் வருஷம் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. அந்த அக்டோபரிலேயே சட்டப்படி பதிவான இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கே தோன்றியது தெரியுமா? காஞ்சிபுரத்தில்! பம்பாயும் கல்கத்தாவும் பார்த்துக்கொண்டிருக்க, தறி ஓசை கேட்கும் இந்த ஊர் முந்திக்கொண்டது. கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம். 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். தமிழில் அவர் அதைச் 'சுதேசி நாவாய்ச் சங்கம்' என்றார். கும்பினி என்று எழுத அவருக்குக் கை வராமல் இருந்திருக்கலாம். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமட்டமாகக் குறைத்தது. சர்க்கார் அவரைச் சிறையில் செக்கிழுக்க வைத்தது. சங்கம் கவிழ்ந்தது. ஆனால் எண்ணம் கவிழவில்லை.

நாடகக் கம்பெனிகளில் இந்தச் சொல்லின் மூலப் பொருள் இன்னும் நேராகவே திரும்பி வந்தது. 'பாய்ஸ் கம்பெனி'களில் சேர்ந்த சிறுவர்களில் பலர் கலைத் தாகத்தால் சேர்ந்தவர்கள் அல்லர். வயிற்றுப் பசியால் சேர்ந்தவர்கள். எம். ஜி. ராமச்சந்திரன் தம் தமையனாருடன் பால்ய வயதில் கம்பெனிக்குப் போனது வீட்டு வறுமையால்தான். 'கம்பெனி வீடு' என்று ஒன்று இருக்கும். எல்லாச் சிறுவர்களும் அங்கேயே படுத்து, அங்கேயே பாடம் சொல்லி, அங்கேயே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ராஜாவும் சேவகனும் ஒரே குழம்பு. லத்தீன்காரன் பார்த்திருந்தால், "இதுதான் நான் சொன்ன கம்பெனி" என்றிருப்பான். அப்படி ஒரு பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த கணேசன் என்ற இளைஞர், காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்த அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் சிவாஜியாக வேஷம் கட்டி, அந்தப் பெயராலேயே சிவாஜி கணேசன் ஆனார். இப்படியும் அந்தச் சொல் சுற்றிக்கொண்டு காஞ்சிக்குத்தான் வருகிறது.

இன்றும் வந்துகொண்டிருக்கிறது, பஸ்ஸில்! ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் மோட்டார்த் தொழிற்சாலைகளும் மற்றத் தொழிற்சாலைகளும் வந்த பிறகு, காஞ்சிபுரத்து இளைஞர்கள் 'கம்பெனிக்கு'ப் போகிறார்கள். விடியற்காலையில் தெரு முனையில் கம்பெனி பஸ் நிற்கிறது.

சென்ற தடவை போனபோது பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெரியவருடைய தறிக்கு அருகே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஊடை இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். கரைப் பக்கத்து நாடாவைப் போட இரண்டாவது ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தனி ஆளாகக் கோர்வை நெய்ய முடியாது. அந்தக் காலத்தில் அந்த இடத்தில் குழந்தைகளை உட்கார வைத்தார்கள். இப்போது குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதைப் பார்த்து எந்த ரஸிகனும் பெருமூச்சு விட வேண்டியதில்லை. இங்கே பெரியவருக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தார்.

"பையன் தறியிலே உட்காருவதில்லையா?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்குப் போறாங்க. இருட்டோட பஸ் வந்துடும்."

"சாப்பாடு?"

"கம்பெனியிலேயே போட்டுடறாங்க. ஐந்நூறு பேர் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறாங்களாம். மாசமானா சம்பளம் வந்துடுது. பட்டு விலை ஏறினா என்ன, ஜரிகை விலை ஏறினா என்ன, அவனுக்குக் கவலை இல்லே பாருங்க."

"உங்களுக்கு?"

அவர் நாடாவை மனைவி பக்கம் ஓட்டிவிட்டு, "எங்க கம்பெனியிலே ரெண்டே பேர்தான், ஐயா" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கரை நாடாவைத் திருப்பிப் போட்டார்.

பையன் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பட்டுப் புடவை அழியக் கூடாது என்று கவலைப்படுகிற நம்மில் பலர், நெசவாளர் பிள்ளை பட்டினி கிடந்து அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முப்பதாயிரம் ரூபாய்க்குப் புடவை எடுக்கும்போது, அதில் தறிக்காரருக்கு என்ன பங்கு என்று கடையில் யாரும் விசாரிப்பதில்லை. காமாட்சியம்மன் பெயராலும் முருகன் பெயராலும் அண்ணா பெயராலும் அந்த ஊரில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. தறிக்காரர் கணக்கிலும் உட்கார வேண்டும் என்ற ஆயிரம் வருஷத்து ஏற்பாட்டின் வாரிசுகள் அவை. அவை எவ்வளவு நன்றாக நடக்கின்றனவோ அவ்வளவுக்குத் தறி நிற்கும்.

அகராதிக்காரர் கம்பெனி என்ற சொல்லுக்கு எதிரே ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுப் பல பொருள்கள் எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் சரியானவையே. ஆனால் லண்டனில் சாஸனம் வாங்கியவர்களும், புள்ளலூரில் விழுந்தவர்களும், கம்பெனி வீட்டுச் சிறுவர்களும், கோர்வைத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாளும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கும்போது, எண்கள் எனக்குப் போதவில்லை. ஒரு கம்பெனியைப் பற்றி யாராவது புகழ்ந்து பேசினால், 'அங்கே சமைப்பவருக்கு இலை உண்டா?' என்று விசாரிக்கத் தோன்றுகிறது. உண்டு என்றால் அது கம்பெனி. இல்லையென்றால், எத்தனை அழகான பெயர்ப் பலகை மாட்டியிருந்தாலும் அது கும்பினிதான்.